கருக்கலைப்பு உரிமை: தேர்தல் வாக்குறுதி என்ன ஆனது என்று நீங்களே பார்ப்பது எப்படி?

அமெரிக்க அரசியல்வாதி ஒருவர் மேடையில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாரா என்று பார்க்க யாரோ ஒட்டிய முத்திரையை நம்பவேண்டியதில்லை. மூல ஆவணங்கள் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. 2020 தேர்தலில் ஹைட் திருத்தத்தை நீக்குவேன் என்றார் பைடன். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டை நம்பியிருக்கும் பெண்களின் கருக்கலைப்புக்கு, சில விதிவிலக்குகள் தவிர, கூட்டரசுப் பணம் போகாமல் தடுப்பது அந்தத் திருத்தம்தான். 1976-இல் வந்தது. அதையே எடுத்துக்கொள்வோம்.

படி 1: வாக்குறுதியைச் சொன்னது சொன்னபடி எழுதி, அந்தப் பக்கத்தை வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் சேமியுங்கள். பிரசாரத் தளங்கள் தேர்தலோடு காணாமல் போகும். 2007-இல் ஒபாமா, அதிபரானதும் முதல் வேலையாக, கருக்கலைப்பு உரிமையைக் காக்கும் கருத்தேர்வுச் சுதந்திரச் சட்டத்தில் (Freedom of Choice Act) கையெழுத்திடுவேன் என்றார்; 2009 ஏப்ரலில், அது தன் முதன்மையான முன்னுரிமை அல்ல என்றார். பழைய வாசகம் கையில் இருந்தால்தான் இந்த இறக்கம் தெரியும்.

படி 2: அதிகாரம் யாரிடம் என்று பாருங்கள். கருக்கலைப்புச் சேவை தரும் அல்லது அதை ஊக்குவிக்கும் வெளிநாட்டு அமைப்புகளுக்கு அமெரிக்க உதவிப் பணம் போகாமல் தடுக்கும் மெக்சிகோ சிட்டி கொள்கையை ரத்து செய்ய அதிபரின் கையெழுத்து போதும். 2021 ஜனவரி 28 அன்று பைடன் செய்தார், அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டரில் இருக்கிறது. ஹைட் விஷயம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கையில்.

படி 3: பலரும் தடுக்கி விழுவது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள். காங்கிரஸ்.கவ் (congress.gov) தளத்தில் ஹைட் என்று தேடிக்கொண்டிருந்தால் இது அகப்படாது. அது தனிச் சட்டம் இல்லை. தொழிலாளர், சுகாதாரத் துறைகளுக்கான நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் ஆண்டுதோறும் ஒட்டிக்கொண்டு வரும் நிபந்தனை. வாசகத்தில் ஹைட் என்ற பெயரே வராது. நிதி மசோதாவைத் திறந்து 506, 507-ஆம் பிரிவுகளுக்குப் போங்கள்.

2021 மே மாத பட்ஜெட் முன்மொழிவில் பைடன் அதை விட்டுவிட்டார். ஜூலையில் காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையும் அது இல்லாமலே மசோதாவை நிறைவேற்றியது. இதோடு நிறுத்தினால் வாக்கு நிறைவேறியது போலத் தோன்றும். ஆனால் 2022 மார்ச் 15 அன்று அவர் கையெழுத்திட்ட ஒருங்கிணைந்த நிதிச் சட்டத்தின் 'எச்' பகுதியைப் பாருங்கள்: 506, 507 அப்படியே இருக்கின்றன. முன்மொழிவு, சபை வாக்கெடுப்பு, இறுதிச் சட்டம் மூன்றையும் தனித்தனியே குறியுங்கள்.

படி 4: இதையெல்லாம் குறித்துவைக்க கூகுள் ஷீட்ஸ் போதும், தனிச் செயலி எதுவும் வேண்டாம். 'முயன்றார், முடியவில்லை' என்பதையும் 'முயலவே இல்லை' என்பதையும் ஒரே கட்டத்தில் போடாதீர்கள். அடுத்த தேர்தலில் யாரைக் கேள்வி கேட்கவேண்டும் என்பதே இதில் மாறிவிடும்.

பிற்சேர்க்கை: கருக்கலைப்பு உரிமையைக் கூட்டரசுச் சட்டமாக்க வந்த பெண்கள் உடல்நலப் பாதுகாப்பு மசோதா (Women's Health Protection Act) பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். மேலவையான செனட்டில் 2022 பிப்ரவரியில் ஆதரவு 46, எதிர்ப்பு 48; மே மாதத்தில் 49–51. இரண்டுமே மசோதா மீதான இறுதி வாக்கெடுப்பு அல்ல. விவாதத்துக்கு எடுப்பதற்கான வாக்கெடுப்பு, 60 வாக்குகள் தேவை. மே மாதம் எதிர்த்தவர்களில் குடியரசுக் கட்சி செனட்டர்களான சூசன் காலின்ஸ், லீசா மர்கவ்ஸ்கி இருவரும் கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர்கள். அவர்களிடம் வேறொரு மசோதா இருந்தது. அதனால் வாக்குக்குப் பக்கத்தில், அவர்கள் சொன்ன காரணத்துக்கும் ஒரு கட்டம் விடுங்கள்.