கொழும்பில் காருக்கு நிழல்: குறைந்த செலவில் கொட்டகை போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறக்க 2025 பெப்ரவரி ஆனது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை ஏறிய விதம் எல்லோருக்கும் தெரியும். இருக்கிற வாகன்ஆரையோ விட்ஸையோ இன்னும் பல வருடம் ஓட்டியாக வேண்டும் என்பதுதான் பல குடும்பங்களின் நிலை. ஆனால் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கங்களில் கூரையோடு கார் நிறுத்த இடமுள்ள வீடு எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது? மதிலுக்குள்ளே ஒரு திறந்த முற்றம், அதுவும் இல்லாவிட்டால் ஒழுங்கை ஓரம், அவ்வளவுதான். அதனால் ஆளுக்கொரு விதமாக எதையோ வாங்கிக் கட்டுகிறார்கள். செலவழித்த காசே காரைக் கெடுப்பதைப் பல முற்றங்களில் பார்க்கிறேன், அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கொழும்பில் வருடத்துக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. ஆகவே மழையிலிருந்து காரைக் காப்பதுதான் வேலை என்று நினைக்கிறோம். ஆனால் மழையில் நனைந்து, பிறகு காற்றில் காய்ந்துவிடும் கார் அவ்வளவு கெடுவதில்லை. கெடுப்பது மூன்று விஷயங்கள்: வெயில், கடலிலிருந்து வரும் உப்பு, காயாமல் தங்கிவிடும் ஈரம். ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். பெயின்ற் மங்குவது, முன்விளக்குக் கண்ணாடி மஞ்சளாவது, டாஷ்போர்ட் வெடிப்பது, ஜன்னல் ரப்பர் காய்ந்து சுருங்குவது எல்லாம் வெயிலின் வேலை. பற்றரியின் ஆயுளும் வெப்பத்தில்தான் குறைகிறது, ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அப்படியானால் நமக்குத் தேவை மேலே நிழல், பக்கங்களில் காற்று. இந்த இரண்டையும் தராத எதையும் மலிவு என்று சொல்ல மாட்டேன்.

கவர் போட்டால் போதும் என்று நினைப்பது

"ஒரு கவர் வாங்கிப் போட்டால் சரிதானே, எதற்குக் கொட்டகை?" அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கவருக்கும் ஒரு இடம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம் ஊரில் அதைப் பயன்படுத்தும் விதம்தான் பிரச்சினை.

மழையில் ஓடி வந்த காரை ஈரத்தோடு மூடுவது எல்லாவற்றிலும் மோசமான பழக்கம். பிளாஸ்டிக் கவருக்குள்ளே அந்த ஈரம் வெளியேற வழியில்லை. அடுத்த நாள் வெயில் ஏறியதும் உள்ளே ஆவி பிடித்ததுபோல் ஆகிவிடும். பெயின்றுக்கு மேலுள்ள தெளிவான பூச்சில் வெள்ளைத் திட்டுகள் வரும், கதவு ஓரங்களில் துரு தொடங்கும், உள்ளே சீற்களில் பூஞ்சணம் பிடித்து மணக்கும். மெரின் டிரைவுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதோடு உப்பும் சேர்கிறது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அதைக் கழுவாமல் மேலே கவரைப் போட்டால், துருவுக்கு வேண்டியதெல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகிறது.

அடுத்தது தூசு. தூசு படிந்த காரில் கவரை இழுத்துப் போட்டு, பிறகு தென்மேல் காற்றில் அது நாள் முழுக்கப் படபடத்தால், அரத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி மெல்லிய கீறல்கள் விழும். கறுப்பு, கடும் நீலக் கார்களில் இது உடனே தெரியும். தொளதொளவென்ற கவர்தான் இதைச் செய்கிறது. வாங்கும்போது உங்கள் காரின் அளவுக்கே வாங்குங்கள். கண்ணாடிக்குத் தனிப் பை, அடியில் இழுத்துக் கட்டும் பட்டி, உட்பக்கம் மிருதுவான துணி இருக்கிறதா என்று பாருங்கள். ஆவியை வெளியே விடும் பல அடுக்குத் துணியாக இருந்தால் நல்லது. வெள்ளி நிறத்தில் பளபளக்கும் மெல்லிய பிளாஸ்டிக் கவர்கள் நம் வெயிலில் சீக்கிரமே பொரிந்து உதிரும், அந்தத் துகள்கள் சூடான பெயின்றில் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்றும் இருக்கிறது. வாரக்கணக்கில் மூடியபடி அசையாமல் நிற்கும் காரில் எலி குடியேறும். இருட்டு, வெதுவெதுப்பு, தொந்தரவில்லாத இடம், வேறென்ன வேண்டும் அதற்கு? வயர் கடிபட்டால் வரும் பில்லில் கொட்டகையில் பாதியே போட்டுவிடலாம். வெளிநாடு போவதென்றால் நம்பகமான யாரிடமாவது திறப்பைக் கொடுத்து, வாரத்துக்கு ஒருமுறை பொனற்றைத் திறந்து பார்த்து, காரைக் கொஞ்சம் ஓட்டி வைக்கச் சொல்லுங்கள்.

தறப்பாளைத் தட்டையாகக் கட்டுவது

நாலு கம்பு, ஒரு தறப்பாள், கொஞ்சம் நைலோன் கயிறு. இதைவிட மலிவாக எதுவும் இல்லை. ஒரு சில மாதங்களுக்கு என்றால் இது தவறும் இல்லை. தவறு எங்கே வருகிறதென்றால், சரிவில்லாமல் கட்டுவதில். மூன்று மீற்றர் அகலம், ஐந்து மீற்றர் நீளம் என்று வையுங்கள், 15 சதுர மீற்றர். அதில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் 15 லீற்றர் தண்ணீர். ஒக்டோபரில் பின்னேரத்தில் இடியோடு வருகிற மழை 50 மில்லிமீற்றர் பெய்துவிட்டுப் போனால் 750 லீற்றர், அதாவது 750 கிலோ. அதில் கால்வாசி நடுவில் தேங்கினாலே கம்பு வளையும், கயிறு அறும், எல்லாம் காரின் கூரையில் வந்து இறங்கும்.

தண்ணீர் தேங்குவதில் காரைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நுளம்பு. கொழும்பில் டெங்கு எப்படிப் பரவுகிறது என்று யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தறப்பாளின் மடிப்பிலும் கூரைப் பீலியிலும் ஒரு வாரம், பத்து நாள் நிற்கும் தெளிந்த தண்ணீர் போதும், முட்டை நுளம்பாகிப் பறந்துவிடும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி இதற்கு வழக்கும் போடலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தால் முதலில் பார்ப்பது இப்படிப்பட்ட இடங்களைத்தான். ஒரு பக்கத்தை மற்றப் பக்கத்தைவிட ஒன்றரை அடியாவது உயர்த்திக் கட்டுங்கள். நடுவில் தொய்யாதபடி குறுக்காக இரண்டு மூன்று கம்பிகளை இழுத்துவிட்டு அதன்மேல் போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஏறிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

பச்சை ஷேட் நெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெயிலுக்கு அது நல்ல பொருள், காற்றும் போகும், விலையும் குறைவு. ஆனால் மழையைத் தடுக்காது. வலையில் படிந்த தூசும் காக எச்சமும் மழையில் கரைந்து காரில்தான் சொட்டும். நெட் போடுகிறவர் காரை அடிக்கடி கழுவத் தயாராக இருக்க வேண்டும்.

தகடு வாங்கும்போதும் பூட்டும்போதும்

நிரந்தரமாகப் போடுவதென்றால் சிங்க்-அலுமினியம் பூசிய நிறத் தகடுதான் என் தெரிவு. வெளிர் நிறமாக எடுங்கள், கடும் நிறம் வெப்பத்தை வாங்கிக் கீழே இறக்கும். காரின் கூரைக்கும் தகட்டுக்கும் இடையில் தாராளமான இடைவெளி விடுங்கள். பழைய சோனகத் தெருவில் நாலு கடை ஏறி இறங்கினால் விலையில் நல்ல வித்தியாசம் தெரியும். தகட்டின் தடிப்பையும் கேட்டு எழுதி வாங்குங்கள், ஏனென்றால் மலிவாகத் தெரிவது பெரும்பாலும் மெல்லிய தகடாகவே இருக்கும்.

வெளிச்சம் வேண்டும் என்று ட்ரான்ஸ்பேரன்ட் கூரைச் சீற் போடுகிறார்கள். தெளிவான சீற்றின் கீழே மழை படாது, ஆனால் வெப்பம் அப்படியே இறங்கும். கொட்டகை போட்ட நோக்கத்தில் பாதி அங்கேயே போய்விடுகிறது. பொலிகாபனேட் என்ற கடினமான பிளாஸ்டிக் சீற்றைப் போட்டே ஆக வேண்டுமென்றால் நிறம் கலந்ததை எடுங்கள். அதில் ஒரு பக்கத்துக்கு மட்டும் வெயிலைத் தாங்கும் பூச்சு இருக்கும் வகைதான் அதிகம். அந்தப் பக்கம் எதுவென்று மேலே ஒட்டியிருக்கும் பொலித்தீனிலேயே அச்சிட்டிருப்பார்கள். வேலை செய்யும் பாஸ் அவசரத்தில் பொலித்தீனை உரித்துவிட்டுப் பக்கம் மாற்றிப் பூட்டினால் சீற் மஞ்சளாகி வெடிக்கும். பூட்டும் நேரத்தில் பக்கத்தில் நின்று பாருங்கள்.

வீடு உடைத்த இடத்திலிருந்து பழைய அஸ்பெஸ்டஸ் சீற் சும்மா கிடைக்கிறது என்று எடுத்து வராதீர்கள். அதை வெட்டும்போதும் துளைக்கும்போதும் பறக்கும் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது, வருத்தம் பல வருடம் கழித்துத்தான் தெரியும். பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் அது வேண்டவே வேண்டாம்.

ஆணி அடிப்பது தகட்டின் பள்ளத்தில் அல்ல, மேட்டில். ரப்பர் வொஷர் இல்லாமல் ஒரு ஸ்க்ரூவும் போகக்கூடாது. அப்புறம், வெல்டிங்கும் துளையிடலும் நடக்கும் நாளில் காரை வேறெங்காவது கொண்டுபோய் விடுங்கள். பறக்கும் இரும்புத் துகள் பெயின்றில் ஒட்டி, சில நாளில் செம்மஞ்சள் புள்ளிகளாகத் துருப்பிடிக்கும். கழுவிப் பார்த்தாலும் போகாது.

காற்றை மறந்துவிடுவது

கொட்டகை கீழே விழும் என்று பயந்து தடித்த தூண் போடுகிறோம். ஆனால் பக்கம் திறந்த கொட்டகைக்குப் பெரிய ஆபத்து மேலே தூக்கப்படுவதுதான். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு காற்று வீசினால், அந்த 15 சதுர மீற்றர் கூரையை அது ஏறக்குறைய 250 கிலோ பலத்தோடு தூக்கும். நாலு பெயின்ற் வாளிகளில் கொங்கிறீற் ஊற்றித் தூண் நட்டிருக்கிறோம் என்று சொல்பவர்கள் கணக்குப் பார்க்கட்டும். 20 லீற்றர் வாளி ஒன்றில் பிடிப்பது சுமார் 48 கிலோ, நாலும் சேர்ந்து 190 கிலோதான். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழமுள்ள ஒரு குழியில் நிரம்பும் கொங்கிறீற்றோ தனியாகவே 200 கிலோவுக்கு மேல். ஒவ்வொரு தூணுக்கும் அப்படி ஒன்று போட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். மடித்து விரிக்கும் கூடாரங்களைப் பகல் நேர வைபவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், மே மாதக் காற்றில் அவை அடுத்த வீட்டு முற்றத்துக்குப் போய்விடும்.

சரிவின் திசையும் முக்கியம். கொழும்பில் மே முதல் செப்டெம்பர் வரை காற்றும் சாரலும் கடல் பக்கமிருந்துதான் வருகின்றன. உயர்ந்த பக்கத்தைக் கடலுக்குக் காட்டினால் காற்று நேராக உள்ளே புகுந்து கூரையைத் தூக்கும், மழையும் உள்ளே அடிக்கும். தாழ்ந்த பக்கம் தென்மேற்கைப் பார்க்கட்டும். சாரல் அதிகமென்றால் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் பாதி உயரத்துக்கு ஒரு தடுப்புப் போடுங்கள், மற்ற மூன்றும் திறந்தே இருக்கட்டும்.

தூணுக்கு நாகம் (சிங்க்) பூசிய ஜி.ஐ. பைப் எடுத்தாலும், வெல்டிங் செய்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துபோகிறது. துரு தொடங்குவது அங்கேதான். வெல்டிங் ஆறியதும் தேய்த்துத் துடைத்து, துருத் தடுப்புப் பூச்சு இரண்டு கை அடியுங்கள். பைப்பின் மேல் வாயை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் மழை உள்ளே இறங்கி அடியில் தேங்கும். தூணடிக் கொங்கிறீற் நிலத்தைவிட இரண்டு அங்குலம் உயர்ந்து, சுற்றிலும் சரிந்து இருக்க வேண்டும். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் இந்தச் சின்ன வேலைகளைச் செய்யாத தூண்களின் அடி சில வருடங்களிலேயே செதில் செதிலாக உதிர்கிறது.

அளவு, மதில், வீட்டுக்காரர்

காரின் அளவுக்கே கொட்டகை போடுவது பலர் செய்வது. வாகன்ஆர் போன்ற சிறிய ஜப்பான் கார் 3.4 மீற்றர் நீளம், ஒன்றரை மீற்றருக்குச் சற்றுக் குறைந்த அகலம். கதவைத் திறந்து அம்மாவையோ குழந்தையையோ நனையாமல் இறக்க இரண்டு பக்கமும் முக்கால் மீற்றராவது வேண்டும். ஆக அகலம் மூன்று மீற்றர் என்று வையுங்கள்.

தூண் செலவை மிச்சம் பிடிக்கக் கூரையின் ஒரு பக்கத்தை மதிலில் ஏற்றிவிடுகிறார்கள். நம்முடைய மதில்களில் பாதி, மேலே பாரம் தாங்கக் கட்டியவை அல்ல. பொது மதிலென்றால் பக்கத்து வீட்டோடு சண்டையும் வரும், கூரைத் தண்ணீர் அவர்கள் பக்கம் விழுந்தால் இன்னும் மோசம். நிரந்தரமாக எதைக் கட்டுவதானாலும் மாநகர சபையில் முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள், வீதிக்கோட்டுக்குள், அதாவது வீதிக்கென ஒதுக்கிய எல்லைக்குள் கட்டியதைப் பிறகு உடைக்கச் சொன்னால் முழுச் செலவும் நட்டம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வெல்டிங்குக்குப் பதிலாக நட், போல்ட் போட்டு இணைக்கும் சட்டம் செய்யுங்கள். இருக்கிற கொங்கிறீற் தரையில் அடித்தகடு வைத்து அங்கர் போல்ட்டால் இறுக்கினால், வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம். வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குவதும் அவசியம்.

மர நிழலும் மாடிக் கட்டடத்தின் அடியும்

மரத்தடி இலவச நிழல்தான். ஆனால் தென்னை என்றால் தேங்காயும் மட்டையும், மா என்றால் பிசினும் வௌவாலும். காக எச்சத்தில் உள்ள அமிலம் வெயிலில் சூடேறிய பெயின்றை அரித்துத் தழும்பு போடும். அன்றன்றே தண்ணீர் ஊற்றி ஊறவைத்து எடுங்கள், உலர்ந்ததைச் சுரண்டாதீர்கள்.

அடுக்குமாடியின் கீழே நிறுத்துபவர்களுக்கு வேறொரு தொல்லை. மேல்தளக் கொங்கிறீற் வழியே கசிந்து சொட்டும் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கும். அது பெயின்றில் வெள்ளையாக இறுகி அரிக்கும். புதிதாக விழுந்ததென்றால், வினாகிரியில் சரிபாதி தண்ணீர் கலந்து துணியால் ஒற்றி உடனே கழுவினால் போய்விடும். நிர்வாகத்திடம் சொல்லிக் கசிவை அடைக்கும்வரை அந்த இடத்துக்கு மேலே ஒரு சிறிய தகட்டைச் சரிவாகத் தொங்கவிடுங்கள்.

கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கத்திலும் கால்வாய் ஓரங்களிலும் இருப்பவர்களுக்கு எந்தக் கொட்டகையும் வெள்ளத்தில் உதவாது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது அந்தப் பக்கத்து வீடுகளே மூழ்கின. எச்சரிக்கை வந்தவுடன் காரை எந்த மேட்டுக்குக் கொண்டுபோவது, யார் வீட்டில் விடுவது என்பதை மழைக்காலம் தொடங்குமுன்பே பேசி வையுங்கள். தண்ணீர் ஏறிய காரை, வடிந்த பிறகும் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். ஹைபிரிட் என்றால் கிட்டவே போகாமல், அந்த வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.