திரையை மூடிவிட்டு உங்கள் இணையதளத்தைச் சோதிப்பது எப்படி

பார்வையற்றவர் ஒருவர் உங்கள் தளத்தை எப்படிக் கேட்கிறார் என்று தெரிந்துகொள்ள, நீங்களும் அதைக் காதால் கேட்டாக வேண்டும். விண்டோஸில் என்விடிஏ (NVDA) என்ற ஸ்க்ரீன் ரீடரை, அதாவது திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் நிரலை, நிறுவுங்கள், இலவசம்தான். மேக்கிலும் ஐபோனிலும் வாய்ஸ்ஓவர் என்ற ஸ்க்ரீன் ரீடர் கூடவே வருகிறது.

நிறுவியதும் அது நிறுத்தாமல் பேசும். கன்ட்ரோல் விசையைத் தட்டினால் வாயை மூடும். என்விடிஏ விசை என்பது இன்சர்ட். தொடக்கத்தில் வரும் பெட்டியில் தேர்ந்தெடுத்தால் கேப்ஸ் லாக்கும் அதே வேலையைச் செய்யும். என்விடிஏ விசையுடன் க்யூ சேர்த்து அழுத்தினால் நிரல் மூடிக்கொள்ளும். பேச்சின் வேகம் பிடிபடவில்லை என்றால், மெனுவில் கருவிகள் பகுதியிலுள்ள ஸ்பீச் வ்யூவரைத் திறந்துகொள்ளுங்கள். பேசுவதெல்லாம் எழுத்தாக ஓடும்.

பழகிய பிறகு மவுஸை ஒதுக்கிவைத்து, என்விடிஏ விசையுடன் கன்ட்ரோலும் எஸ்கேப்பும் அழுத்துங்கள். திரை கறுத்துவிடும். இப்போது உங்கள் தளத்துக்கு மக்கள் எதற்காக வருகிறார்களோ அந்த வேலையை, அது விண்ணப்பமோ முன்பதிவோ, முதலிலிருந்து கடைசிவரை செய்து பாருங்கள். சிக்குகிற இடங்களைக் குறித்துக்கொண்டே போங்கள்.

முதலில் எச் விசை. ஸ்க்ரீன் ரீடர் பயன்படுத்துவோர் பக்கத்தை மேலிருந்து கீழாகக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை, தலைப்புக்குத் தலைப்பு தாவுவார்கள். எழுத்தைத் தடிப்பாக்கிப் பெரிதாக்கினால் அது கண்ணுக்குத்தான் தலைப்பு. எச்டிஎம்எல்லில் தலைப்புக் குறி (ஹெட்டிங் டேக்) இல்லாவிட்டால் எச் அழுத்தும்போது 'அடுத்த தலைப்பு இல்லை' என்ற பதில்தான் கிடைக்கும். அளவு பிடிக்கவில்லை என்பதற்காக இரண்டாம் நிலைத் தலைப்பிலிருந்து நான்காம் நிலைக்குத் தாவாதீர்கள். அளவைத் தீர்மானிப்பது, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸின் வேலை. அடுத்து என்விடிஏ விசையுடன் எஃப்7 அழுத்தி இணைப்புப் பட்டியலைத் திறங்கள். 'மேலும் படிக்க' என்று பத்து வரி வந்தால், எது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

பெரும்பாலான தளங்கள் கவிழ்வது படிவத்தில்தான். டேப் அழுத்திப் பெட்டிக்குள் போகும்போது 'எடிட், காலி' என்று மட்டும் கேட்டால், அந்தப் பெட்டிக்குப் பெயரே இல்லை என்று பொருள். பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் மாதிரி எழுத்தைப் பெயராக நம்பக் கூடாது. தட்டச்சு தொடங்கியதும் அது மறைந்துவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் லேபல் (label) குறி கொடுத்து, அதன் ஃபார் (for) பண்பில் பெட்டியின் ஐடியை எழுதுங்கள். இதைச் சோதிக்க ஸ்க்ரீன் ரீடர்கூட வேண்டாம்: லேபல் எழுத்தின்மேல் கிளிக் செய்தால் கர்சர் பெட்டிக்குள் போய் நிற்க வேண்டும்.

பிழைச் செய்தி தனித் தலைவலி. சிவப்புக் கோடு காதுக்குக் கேட்காது. 'கைபேசி எண்ணில் 10 இலக்கங்கள் வேண்டும்' என்று எழுத்தில் சொல்லுங்கள். ஸ்க்ரீன் ரீடருக்குக் கூடுதல் தகவல் தரும் ஏரியா (ARIA) பண்புகளில் ஒன்றான ஏரியா-டிஸ்கிரைப்டுபையால் (aria-describedby) அதைப் பெட்டியோடு கட்டுங்கள். அனுப்பு பட்டனை அழுத்தியதும் பிழையுள்ள முதல் பெட்டிக்கு ஃபோகஸை, அதாவது விசைப்பலகை நிற்கும் இடத்தை, நகர்த்துங்கள். பக்கம் மாறாமல் தோன்றும் அறிவிப்புக்கு ஏரியா-லைவ் (aria-live) பண்புள்ள ஒரு காலிப் பகுதி தேவை. ஆனால் அந்தப் பகுதி பக்கம் திறக்கும்போதே அங்கே இருக்க வேண்டும், செய்தியைப் பிறகுதான் அதற்குள் இட வேண்டும். பகுதியையும் செய்தியையும் ஒரே நேரத்தில் உருவாக்கினால் பல சமயம் ஒன்றுமே பேசாது. 'ஏரியா போட்டும் வேலை செய்யவில்லை' என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

சோதிக்கும்போது எச் அழுத்தியதும் பெட்டிக்குள் எழுத்து விழுந்தால் குழம்ப வேண்டாம். படிவத்துக்குள் என்விடிஏ தட்டச்சு நிலைக்கு மாறிவிடும். எஸ்கேப் அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

டிவ் (div) என்ற வெறும் பெட்டிக் குறிக்குக் கிளிக் மாட்டி பட்டன் போல அலங்கரிப்பது இன்னும் ஒழியாத பழக்கம். டேப் அதில் நிற்காது, என்டர் வேலை செய்யாது, பட்டன் என்றும் சொல்லாது. ஒவ்வொன்றாக ஒட்டுப்போடுவதைவிட பட்டன் குறியையே பயன்படுத்துங்கள், எல்லாம் சேர்ந்தே வரும். படம் மட்டும் உள்ள பட்டனுக்கு ஏரியா-லேபலில் 'மூடு', 'தேடு' என்று பெயர் வையுங்கள். மேலெழும் பெட்டிகளுக்கு டயலாக் (dialog) குறியை ஷோமோடல் (showModal) என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை வழியே திறந்தால், எஸ்கேப்பில் மூடுவதையும் திறந்த பட்டனுக்கே ஃபோகஸ் திரும்புவதையும் பிரவுசரே பார்த்துக்கொள்ளும்.

படங்களுக்கு ஆல்ட் (alt), அதாவது படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் எழுத்து, எழுதும்போது அந்தப் படம் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். இணைப்புக்குள் உள்ள படமென்றால், எங்கே போகும் என்பதை எழுத வேண்டும். வெறும் அலங்காரமென்றால் ஆல்ட்டைக் காலியாக விடுங்கள், ஆனால் பண்பையே நீக்கிவிடாதீர்கள். இணைப்புக்குள் ஆல்ட் இல்லாத படம் இருந்தால் கோப்பின் பெயரையோ முகவரியையோ கேட்க நேரும்.

தமிழ்ப் பக்கத்துக்கு இன்னொரு வேலை உண்டு. எச்டிஎம்எல் குறியில் மொழியைச் சொல்லும் லேங் (lang) பண்பில் தமிழுக்கான டி, ஏ (ta) என்ற இரண்டெழுத்துக் குறியீட்டை இடுங்கள். வார்ப்புருவில் ஆங்கிலக் குறியீடு அப்படியே கிடந்தால், ஆங்கிலக் குரலே தமிழை வாசிக்கப் பார்த்து எழுத்துகளை விழுங்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ஏற்றிய பக்கமென்றால் லேங்கும் காப்பாற்றாது: கண்ணுக்குத் 'தமிழ்' என்று தெரிவது, காதில் 'ஜே கே பி ஓ' என்றும் ஓர் அரைப்புள்ளியாகவும்தான் விழும். யூனிகோடுக்கு மாற்றுவதே வழி. ஸ்கேன் செய்து ஏற்றிய பிடிஎஃபும் அப்படித்தான், அதில் வாசிக்க எழுத்தே இல்லை.

பக்கத்தில் இத்தகைய குறைகளைத் தேடும் ஆக்ஸ் (axe), வேவ் (WAVE) போன்ற தானியங்கிக் கருவிகளையும் ஓட்டுங்கள். ஆல்ட் இல்லாததை அவை பிடிக்கும். தவறாக எழுதிய ஆல்ட்டை உங்கள் காதுதான் பிடிக்க வேண்டும். கடைசியில், அன்றாடம் ஸ்க்ரீன் ரீடர் பயன்படுத்தும் ஒருவருக்கு ஊதியம் கொடுத்து அதே வேலையைச் செய்யச் சொல்லுங்கள். இடையில் வழி சொல்லிக்கொடுக்காதீர்கள். அவருடைய ஸ்க்ரீன் ரீடர், பிரவுசர் இரண்டின் பதிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜாஸ் (JAWS) என்ற இன்னொரு ஸ்க்ரீன் ரீடரும் குரோமும் சேர்ந்தால் வருகிற பிழை என்விடிஏவும் ஃபயர்பாக்ஸும் சேர்ந்தால் வராமல் போவது சகஜம்.