ஓணானின் புரதமா, உங்கள் பையின் சூடா?

போன கிழமை இறுதியாண்டுத் தம்பி ஒருவர் வந்தார். மாங்குளம் பக்கம் போய் ஒரே காலையில் 11 ஓணான் பிடித்துவிட்டாராம், முகமெல்லாம் சந்தோசம். எங்கே என்று கேட்டேன். "பைக்கில கொழுவியிருக்கு அண்ணை, துணிப்பைதான், காத்துப் போகும், ஒண்டும் ஆகாது" என்றார். எட்டிப் பார்த்தால் முற்றத்து வெயிலில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது, கைபிடியில் பை தொங்குகிறது, நேரம் பதினொன்றரை. 2022-இல் இருந்த நானே எதிரில் வந்து நிற்பது போல இருந்தது.

அதனால்தான் ஓணான், பல்லிகளின் புரதத்தை ஆராய வரும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். கையுறை போடு, ரியூபில் பெயர் எழுது, ஐஸில் வை என்பதெல்லாம் இங்கே வராது. அவை செய்முறைக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே இருக்கின்றன. அரணை கடித்தால் மரணம் என்று இன்னும் நம்பிக்கொண்டு இந்தத் துறைக்கு வருபவருக்கும் என்னிடம் மருந்து இல்லை. (அரணைக்கு விஷம் கிடையாது. சரி, சொல்லிவிட்டேன்.)

அனுமதி

வனசீவராசிகள் திணைக்களத்தின் கடிதம் கையில் வரும்வரை பையைத் தூக்க வேண்டாம். "ஓணான்தானே" என்பது பதில் ஆகாது.

மண்டையோட்டுப் பலகை

கண்ணிவெடி இருக்கிறது என்று எச்சரிக்கும் பலகை அது. திரும்பி வாருங்கள். அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் எந்த ஓணானும் எங்களுக்குத் தேவையில்லை.

சுவரில் ஓடுவதெல்லாம் ஒரே பல்லி இல்லை

"வீட்டுப் பல்லி" என்று மட்டும் எழுதிய ரியூபுகளை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து தருகிறார்கள். எங்கள் வீடுகளின் சுவரில் குறைந்தது இரண்டு இனம் ஓடும்: ஹெமிடாக்டைலஸ் ஃபிரெனாட்டஸ், ஹெமிடாக்டைலஸ் பார்விமாக்குலாட்டஸ். முற்றத்து மரத்துப் பட்டையில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் லெஷனோல்டி என்ற மூன்றாவது இனம். மூன்றையும் ஒரு ரியூபில் போட்டுவிட்டு, புரதங்களைப் பருமன்படி கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் கோடு ஏன் இரண்டாகப் பிரிகிறது என்று மண்டையை உடைத்தால், உடைய வேண்டியதுதான். பிடித்தவுடன் முதுகையும் பாதத்தின் அடியையும் படம் எடுத்து வையுங்கள். பிறகு சண்டை வந்தால் அந்தப் படம்தான் சாட்சி.

வெயிலில் நின்ற பை

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல், கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

என் கேள்வி எளிமையானது. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல்வெளியில், கிளுவை வேலியில் ஏறி நாள் முழுக்க வெயில் காயும் ஓணானுக்கும், காட்டோரம் பாலை மர நிழலில் இருக்கும் ஓணானுக்கும் இரத்தத்தில் எச்எஸ்பி70 என்ற புரதத்தின் அளவு வேறுபடுகிறதா? அவ்வளவுதான்.

எச்எஸ்பி70 ஒரு வெப்ப அதிர்ச்சிப் புரதம். எந்தப் புரதமும் ஒரு நீளச் சங்கிலி, அது தனக்குரிய வடிவில் மடிந்திருந்தால்தான் வேலை செய்யும். சூடு ஏறினால் மடிப்புக் குலையும், உள்ளே ஒளிந்திருந்த, தண்ணீரோடு சேராத பகுதிகள் வெளியே வரும், வந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். முட்டை அவியும்போது வெள்ளைக்கருவுக்கு நடப்பது இதுதான். அப்படி ஒட்டுவதற்கு முன்பே குலைந்த இடத்தைப் போய்ப் பிடிப்பது எச்எஸ்பி70-இன் வேலை, கலத்தின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்துப் பிடிக்கும், விடும், திரும்ப மடிய அவகாசம் கொடுக்கும். கல்யாண வீட்டில் யாருடைய சேலை மடிப்பாவது குலைந்தால் ஓடிவந்து கொசுவத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு மாமி இருப்பாரே, அப்படி. சூடு கூடக் கூட மாமிமார் அதிகம் தேவைப்படுவார்கள், கலமும் அதிகமாகச் செய்து விடும்.

இந்தத் துறை பிறந்ததே ஒரு தவறிலிருந்து என்பது வேடிக்கை. இத்தாலியரான ரிட்டோசாவின் ஆய்வுகூடத்தில் பழ ஈ வளர்த்த பெட்டியின் வெப்பநிலையை வேறு யாரோ கூட்டிவிட்டார்கள். அந்த ஈக்களின் உமிழ்நீர்ச் சுரப்பி நிறமூர்த்தங்களில் புதுப்புது இடங்கள் உப்பியிருப்பதை அவர் பார்த்தார், 1962-இல் எழுதினார். பெட்டி சூடாகியிருந்தது என்பதை அவர் தேடிக் கண்டுபிடித்தார். என் பெட்டியும் சூடாகித்தான் இருந்தது, நான் தேடவில்லை.

2022 ஜூன். பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலம். விடியக் காலை 7 மணிக்குள் நிழல் பக்கத்து ஓணான்களைப் பிடித்தேன், தென்னோலை ஈர்க்கில் தங்கூசிச் சுருக்கு வைத்து, சின்ன வயதில் பிடித்த அதே முறைதான். பிறகு வெயில் ஏறியதும் வயல் பக்கம். மொத்தம் 14. துணிப்பைகளைக் காற்றுத் துளை போட்ட பெட்டிக்குள் வைத்து பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு வரும்போது, ஏ9 ஓரத்தில் ஒரு செட்டுக்குப் பெற்றோல் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். டாங்கியில் வீடு போய்ச் சேரவும் காணாது. வரிசையில் நின்றேன். நாலு மணித்தியாலம், நிழல் என்று பெயர் சொல்ல ஒரு மரம் இல்லை. இடைக்கிடை பெட்டியைத் திறந்து பார்த்தேன், எல்லாம் உயிரோடு இருந்தன, தொட்டால் துள்ளின. அந்தத் துள்ளல்தான் என்னை ஏமாற்றியது.

ஓணான் தன் உடல் சூட்டை உள்ளே இருந்து கட்டுப்படுத்தும் பிராணி இல்லை. நடந்துதான் கட்டுப்படுத்தும். குளிர்ந்தால் வேலி உச்சிக்கு ஏறும், சுட்டால் தண்டின் மறுபக்கம் போகும், இன்னும் சுட்டால் வாயைப் பிளந்துகொண்டு இருக்கும். பைக்குள் போட்ட கணத்திலேயே நீங்கள் அதன் குளிரூட்டியைக் கழற்றிவிட்டீர்கள். வெட்ட வெயிலில் வேலியில் இருந்த ஓணானை விட நிழலில் தொங்கும் பைக்குள் இருக்கும் ஓணானுக்குத்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் வேலியில் இருந்தது எழும்பிப் போகலாம்.

அதோடு நேரக் கணக்கையும் பாருங்கள். சூடு பட்ட சில நிமிடங்களில் கலத்துக்குள் கட்டளை போய்விடுகிறது, புரதம் சேர்ந்து வர மணித்தியாலங்கள் எடுக்கும். வேலியில் பிடித்து ஐந்து நிமிடத்தில் இரத்தம் எடுத்திருந்தால் அது ஓணானின் கதை. ஐந்து மணித்தியாலம் கழித்து எடுத்ததால் அது பெற்றோல் வரிசையின் கதை. அதிலும் நிழல் பக்கத்தவை முதலில் பிடிபட்டவை, பைக்குள் அதிக நேரம் கிடந்தவையும் அவைதான். எதை ஒப்பீட்டுக்கு வைத்திருந்தேனோ அதையே நன்றாக அவித்து எடுத்திருக்கிறேன்.

முடிவு என்ன? ஜெல்லில் 14-க்கும் ஒரே தடிப்பான கோடு. நான் என்ன செய்தேன் தெரியுமா, உட்கார்ந்து ஒரு விளக்கம் எழுதினேன். காடு ஐதாகிவிட்டது, நிழல் என்பதே பெயருக்குத்தான், ஆகவே இரண்டு இடத்து ஓணானும் ஒரேயளவு வெப்பத்துக்கு ஆளாகின்றன என்று ஏழு பக்கம். வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி. வாசித்துப் பார்த்த மூத்தவர் ஒருவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எவ்வளவு நேரம் பையில இருந்தது?" களக் கொப்பியைப் புரட்டினேன். இடம் இருக்கிறது, ஆண் பெண் இருக்கிறது, உடல் நீளம் மில்லிமீற்றரில் இருக்கிறது. பிடித்த நேரமும் இல்லை, இரத்தம் எடுத்த நேரமும் இல்லை. நேரம் மட்டும் இருந்திருந்தால் அரைவாசியையாவது காப்பாற்றியிருக்கலாம். மூன்று மாத வேலை. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய வருடத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த, எச்எஸ்பி70-ஐ மட்டும் தேடிப் பிடித்துக் காட்டும் பிறபொருளெதிரி அந்தச் சின்னப் போத்தலில் பாதி முடிந்துவிட்டிருந்தது. வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்ட கதை என்பார்களே, நான் காசு கொடுத்து விட்டேன்.

இப்போது எப்படிச் செய்கிறேன் என்றால், ஓணானை எங்கும் கொண்டு போவதில்லை. பிடித்த இடத்திலேயே, மூன்று நிமிடத்துக்குள், வாலடி நாளத்திலிருந்து சில துளி இரத்தம் (பழக்கப்பட்டவர் பக்கத்தில் நின்று காட்டித் தராமல் இதைத் தொடவே வேண்டாம்). ஓணானின் செங்குருதிக் கலத்தில் கரு இருக்கிறது, எங்களுடையதில் இல்லை. அதனால் அந்தக் கலமே எச்எஸ்பி70 செய்யும், சில துளி போதும், பிராணியைக் கொல்லத் தேவையில்லை, அதே வேலியில் விட்டுவிடலாம். இரத்தத்தை உடனே எஸ்டிஎஸ் என்ற, புரதத்தின் மடிப்பைக் குலைக்கும் சவர்க்காரம் கலந்த கரைசலில் விட்டு, கொதிநீர் ஊற்றி வைத்த தேத்தண்ணி ஃபிளாஸ்க்கில் ரியூபை ஐந்து நிமிடம் இறக்கி எடுக்கிறேன். எல்லாப் புரதமும் குலைந்துவிடும், புரதத்தை வெட்டும் நொதியங்களும் சேர்ந்தே செத்துவிடும், அந்தக் கணத்தின் அளவு அப்படியே நின்றுவிடும். ஒன்று சொல்ல வேண்டும், கரு உடைந்து டிஎன்ஏ வெளியே வருவதால் கரைசல் வெண்டிக்காய்ப் பசை மாதிரி இழுபடும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டாதீர்கள், மெல்லிய ஊசியால் நாலு தடவை இழுத்து விட்டால் சரியாகிவிடும்.

நுரை

முட்டை அடிப்பது போல ரியூபைக் குலுக்காதீர்கள். காற்றும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் புரதம் விரிந்து குலையும், நுரை முழுக்க அந்தச் சந்திப்புத்தான்.

37

நொதியத்தின் வேகம் அளக்க வாங்கும் இரசாயனப் பெட்டியோடு வரும் தாளில் 37 பாகையில் வைக்கச் சொல்லியிருக்கும், பிள்ளைகளும் வைப்பார்கள். 37 எங்கள் உடம்பின் எண். இரவில் லைற்றடியில் பூச்சி பிடிக்கும் பல்லி அவ்வளவு சூட்டில் வேட்டைக்கு வருவதில்லை, மத்தியான ஓணானும் மார்கழி விடியலில் அதே ஓணானாக இருக்காது. நொதியத்தின் வேகம் மட்டுமில்லை, அது தன் அடிப்பொருளைப் பிடிக்கும் இறுக்கமும் வெப்பநிலையோடு மாறும். ஆகவே 20, 25, 30, 35, 40 என்று வைத்துப் பாருங்கள், அந்த வளைகோடுதான் விடை. பிஎச்சை (அமிலத்தன்மையின் அளவை) மாறாமல் பிடிக்கும் தாங்கற் கரைசல் ட்ரிஸ் என்றால் இன்னும் கவனம், ஒவ்வொரு பாகை ஏறவும் அதன் பிஎச் கிட்டத்தட்ட 0.03 இறங்கும். 25 பாகையில் 7.5 என்று சரிபார்த்தது குளிர்ப்பெட்டியில் 4 பாகையில் 8.1 ஆகிவிடும். வெப்பநிலையை ஆராய்கிறேன் என்று நினைத்துப் பிஎச்சை ஆராய்ந்த ஒரு முழு ஆய்வேட்டை நான் வாசித்திருக்கிறேன், யாருடையது என்று சொல்ல மாட்டேன்.

வால்

வாலில் பிடிக்காதீர்கள். பல்லி கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடும், அது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, திரும்ப முளைத்த வால் பழைய வால் இல்லை என்பது. உள்ளே முள்ளென்பு வராது, ஒரே கசியிழையக் குழாய்தான், தசை அடுக்கும் வேறு. முளைத்த வாலையும் பிறந்த வாலையும் ஒரே பெட்டியில் போட்டுப் புரதம் பிரிப்பது நெல்லையும் சாமையையும் ஒன்றாய்க் குற்றுவது போல.

"நானும் ஒரு மருந்து கண்டுபிடிக்கப் போறன்"

வருடத்துக்கு ஒருவராவது வருவார். அமெரிக்கப் பாலைவனத்து ஹீலா மொன்ஸ்டர் என்ற விஷப்பல்லியின் உமிழ்நீரிலிருந்து நீரிழிவு மருந்து வந்த கதையை எங்கோ கேட்டிருப்பார், எங்கள் உடும்பு வாயில் இல்லாததா என்பார். அந்தக் கதை உண்மைதான். ஜோன் எங் என்ற ஆய்வாளர் 1992-இல் அறிவித்த எக்செண்டின்-4, 39 அமினோ அமிலம், 2005-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி. ஆனால் அது வென்றது பல்லியில் இருந்து வந்ததால் இல்லை. எங்கள் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஓமோன் இரத்தத்தில் இரண்டொரு நிமிடத்தில் வெட்டுப்பட்டுவிடும், எக்செண்டினின் இரண்டாவது இடத்தில் அலனீனுக்குப் பதில் கிளைசீன் இருப்பதால் அந்தக் கத்தரிக்கோலுக்கு அது எளிதில் அகப்படாது. ஜோன் எங்குக்கு எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருந்தது. "ஏதாவது இருக்கும்" என்று உடும்பின் வாயைத் திறப்பவருக்குக் கிடைப்பது உடும்புப் பிடிதான், விரலில்.

உறைந்து, உருகி, உறைந்து

கரண்ட் போனால் ஃபிரீசர் உருகும், வந்தால் திரும்ப உறையும், காலையில் திறந்து பார்ப்பவருக்கு எல்லாம் கல்லாகத்தான் தெரியும். தண்ணீர் ஐஸாகும்போது உப்பெல்லாம் மிச்சமிருக்கும் துளிக்குள் நெருங்கும், புரதமும் அதற்குள்ளேயே நெரிபடும், இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தால் நல்ல புரதமும் கட்டியாகி அடியில் படியும். ஒரே ரியூபில் நிறைய வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பவர் கரண்ட் போகாமலே இதைச் செய்துகொண்டிருக்கிறார். ஒரு தடவைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து வையுங்கள்.

ஃபிரீசர் மூலையில் ஒரு கிண்ணம் தண்ணீரை உறைய வைத்து, மேலே இரண்டு ரூபாக் குற்றி ஒன்று வைத்திருக்கிறேன். காசு மேலேயே இருந்தால் நல்லது. பாதியில் நின்றால் பாதி உருகியிருக்கிறது. போன மாதம் லீவு முடிந்து வந்து திறந்தபோது கிண்ணத்தின் அடியில் கிடந்தது. அந்தத் தம்பியின் 11 ஓணானையும் அன்று பின்னேரமே மாங்குளத்துக்குத் திருப்பிக் கொண்டுபோய் விட்டோம், இந்தத் தடவை பெட்டிக்குள் ஒரு வெப்பமானியும் இருந்தது. 38 காட்டியது. கொப்பியில் நேரத்தோடு எழுதச் சொன்னேன்.