உபுண்டுவை நீக்கிய பின் விண்டோஸ் திறக்கவில்லையா? பதற்றத்தில் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்வீட்டுப் பையன் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் நின்றான். "அண்ணே, விண்டோஸ் போச்சு. நேத்து ராத்திரி உபுண்டு பார்ட்டிஷனை மட்டும்தான் அழிச்சேன். இப்போ இப்படி நிக்குது." கறுப்புத் திரை, மேலே 'கிரப்' என்ற சொல், பக்கத்தில் மின்னும் ஒரு கோடு. கணினியைப் போட்டதும் உபுண்டுவா விண்டோஸா என்று கேட்டுத் திறக்கும், உபுண்டுவோடு வரும் சிறு நிரல்தான் கிரப். மறுநாள் அசைன்மென்ட் கொடுக்க வேண்டுமாம். முகம் வெளிறிப் போயிருந்தது.

நான் 'எக்ஸிட்' என்று தட்டி என்டரை அழுத்தினேன். சில நொடிகளில் விண்டோஸ் வந்துவிட்டது.

எல்லாக் கணினியிலும் இது இவ்வளவு சுலபமாக முடியாது. ஆனால் இந்த நிலைமையில் பெரும்பாலும் எதுவும் தொலைந்திருக்காது. விண்டோஸ் அதன் இடத்தில் இருக்கும், உங்கள் கோப்புகளும் இருக்கும். தப்பாகிப் போனது வழிகாட்டிப் பலகை மட்டும்தான். உண்மையான சேதம் அதற்குப் பிறகு, சரிசெய்கிறேன் என்று உட்காரும்போதுதான் நடக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததையொட்டி உபுண்டு போன்ற லினக்ஸை விண்டோஸுக்குப் பக்கத்தில் போட்டுப் பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். அவர்களில் சிலர் இப்போது அதை நீக்குகிறார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதல் தவறு, பழையதா புதியதா என்று பார்க்காமல் கட்டளை அடிப்பது. கணினி தொடங்குவதில் இரண்டு முறைகள் உண்டு. பழைய பயாஸ் முறையில், வட்டின் முதல் 512 பைட்டில் இருந்துதான் தொடக்கம். அதில் 446 பைட் தொடக்க நிரல், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, அதாவது வட்டு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல். கிரப்பின் முதல் துண்டு அந்த 446 பைட் பகுதியில் உட்காரும், அடுத்த துண்டு பெரும்பாலும் அதையொட்டிய இடத்தில். மீதியை உபுண்டு பார்ட்டிஷனில் தேடும். அது அழிந்துவிட்டதால் 'கிரப் ரெஸ்க்யூ' என்று நிற்கும். இங்கே விண்டோஸ் மீட்புச் சூழலின் கட்டளைத் திரையில் அடிக்கும் 'பூட்ரெக்' கட்டளையின் 'ஃபிக்ஸ்எம்பிஆர்' சரியான மருந்து. அது நிரலை மட்டும் மாற்றும், அட்டவணையைத் தொடாது.

புதிய யூஇஎஃப்ஐ முறையில் அந்த மருந்து வேலை செய்யாது. அங்கே ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று தனியாக ஒரு சிறிய பகுதி, பெரும்பாலும் 100 எம்பி அளவில், எக்ஸ்ப்ளோரரில் தெரியாமல் இருக்கும். அதற்குள் 'மைக்ரோசாஃப்ட்' என்று ஒரு கோப்புறை, 'உபுண்டு' என்று இன்னொன்று. எதை முதலில் திறப்பது என்ற வரிசை மதர்போர்டின் நினைவில் இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் உபுண்டு பார்ட்டிஷனை அழித்தாலும் இந்த 'உபுண்டு' கோப்புறையும் அந்த வரிசையும் அப்படியே இருக்கும். கணினி வழக்கம்போல கிரப்பைத் திறக்கும், கிரப் தன் வீட்டைத் தேடும், வீடு இருக்காது. கடந்த பத்தாண்டுகளில் வாங்கிய லேப்டாப் என்றால் அநேகமாக இந்த வகைதான். சந்தேகமாக இருந்தால், கீழே சொல்லும் கட்டளைத் திரையில் 'டிஸ்க்பார்ட்' என்ற வட்டுக் கருவியைத் திறந்து வட்டுகளைப் பட்டியலிடுங்கள். 'ஜிபிடி' என்ற பத்தியில் நட்சத்திரக் குறி இருந்தால் வட்டு புதிய முறைக்கானது.

அடுத்தது, கையில் இருக்கும் சாவியைப் போட்டுப் பார்க்காமலே பூட்டை உடைப்பது. கணினியைப் போட்டதும் பூட் மெனுவைத் திறக்கும் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, அசூஸ் லேப்டாப்பில் எஸ்கேப். 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற வரி தெரிந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் திறந்தால் பூட்லோடர், அதாவது விண்டோஸைத் தொடங்கிவைக்கும் நிரல், கெடவே இல்லை என்று அர்த்தம். பயாஸ் அமைப்புக்குள் போய் அந்த வரியை முதலிடத்துக்கு ஏற்றினால் போதும்.

வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரை மறப்பதைத்தான் நான் மிக மோசமான தவறு என்பேன். இன்றைய லேப்டாப்புகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்ததும் வட்டு தானாகவே பூட்டப்பட்டுவிடும்; உரியவருக்கே தெரியாது. பூட் வரிசையை மாற்றினாலோ நம்பகமான நிரல்களை மட்டுமே தொடங்க விடும் 'செக்யூர் பூட்' பாதுகாப்பை அணைத்தாலோ, கணினி சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அது இல்லாவிட்டால் உங்கள் கோப்புகள் உங்களுக்கே கிடைக்காது. எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. ஆகவே பயாஸ் அமைப்பில் கை வைப்பதற்கு முன், கைப்பேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. அந்தப் பையனுக்கும் நான் இதைத்தான் முதலில் செய்யச் சொல்லியிருக்க வேண்டும். 'எக்ஸிட்' கைகொடுத்ததால் பிறகு உட்கார்ந்து எழுதினோம்.

சரி, பூட் மெனுவில் விண்டோஸ் வரியே இல்லை என்றால்? அப்போதுதான் விண்டோஸ் நிறுவல் பென்டிரைவ் தேவை. 8 ஜிபி போதும், நண்பரின் கணினியில் செய்துகொள்ளலாம். இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. பூட் மெனுவில் அதே பென்டிரைவ் இரண்டு முறை தெரியக்கூடும். 'யூஇஎஃப்ஐ' என்று தொடங்கும் வரியைத்தான் எடுக்க வேண்டும். நிறுவல் திரை வந்ததும் நிறுவும் பொத்தானைத் தொடாமல், ஷிஃப்ட்டுடன் எஃப்10 அழுத்தினால் கட்டளைத் திரை வரும்.

அங்கே சி டிரைவ் என்பது உங்கள் சி டிரைவாக இருக்கும் என்று நம்பி விடாதீர்கள். மீட்புச் சூழலில் எழுத்துகள் இடம் மாறும். ஒருமுறை நான் பார்த்த கணினியில் விண்டோஸ் இருந்தது டி-யில்; சி என்று காட்டியது வேறொரு சிறிய பகுதி. ஒவ்வொரு எழுத்தாகத் திறந்து, 'விண்டோஸ்', 'யூசர்ஸ்' கோப்புறைகள் எங்கே இருக்கின்றன என்று கண்ணால் பாருங்கள். அப்புறம் 'டிஸ்க்பார்ட்'டில் ஃபேட்32 என்று காட்டும் அந்தச் சிறிய ஈஎஃப்ஐ பகுதிக்கு எஸ் என்று எழுத்து கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள்.

இனி 'பிசிடிபூட்' கட்டளை. இடைவெளி விட்டு விண்டோஸ் கோப்புறையின் பாதை. பிறகு சாய்கோடும் எஸ் எழுத்தும் போட்டு, நீங்கள் வைத்த எஸ் டிரைவின் பெயர். கடைசியில் சாய்கோடும் எஃப் எழுத்தும் போட்டு, யூஇஎஃப்ஐ. தொடக்கக் கோப்புகள் உருவாகிவிட்டன என்று ஒரே ஒரு வரி வரும். பலரும் 'பூட்ரெக்'கின் 'ஃபிக்ஸ்பூட்'டை அடித்து, 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வந்ததும் மனம் உடைந்து விடுகிறார்கள். அதை விட்டுவிட்டு நேராக இங்கே வரலாம்.

'டிஸ்க்பார்ட்'டில் இருக்கும்போது 'கிளீன்' என்ற சொல்லை மட்டும் அடிக்கவே அடிக்காதீர்கள். பெயர் நல்ல பெயர்தான். செய்வது முழு வட்டின் பார்ட்டிஷன் அட்டவணையையும் துடைப்பது. தவறி அடித்துவிட்டால் அந்த வட்டில் ஒரு எழுத்துகூடப் புதிதாக எழுதாமல், வேறு கணினியில் இணைத்து 'டெஸ்ட்டிஸ்க்' என்ற இலவச மென்பொருளால் அட்டவணையை மீட்கப் பாருங்கள். அதேபோல ஈஎஃப்ஐ பகுதியை 'இது லினக்ஸுடைய மிச்சம்' என்று நினைத்து அழிப்பவர்களும் உண்டு. விண்டோஸும் உபுண்டுவும் பகிர்ந்துகொண்ட பகுதி அது.

பிரிக்ஃபீல்ட்ஸில் டியூஷன் எடுக்கும் ஆசிரியை ஒருவர் இதே கறுப்புத் திரையோடு ஒரு கடைக்குப் போனார். அவர்கள் ஒரு வார்த்தை கேட்காமல் ஃபார்மெட் செய்து, புது விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து வருட வினாத்தாள்கள் போய்விட்டன. இன்னமும் எனக்கு அது ஆறவில்லை, ஏனென்றால் பத்து நிமிட வேலை அது. கடைக்குக் கொடுப்பதானால் 'ஃபார்மெட் வேண்டாம், பூட்லோடர் மட்டும்' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

இன்னும் உபுண்டுவை நீக்காதவர்கள் வரிசையை மாற்றிச் செய்யுங்கள். முதலில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றி, ஒருமுறை மறுதொடக்கம் செய்து, கிரப் வராமல் நேராக விண்டோஸ் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் பார்ட்டிஷனை அழியுங்கள். அதன் பிறகு நிர்வாகி உரிமையுள்ள கட்டளைத் திரையில் 'மவுன்ட்வால்' கொண்டு ஈஎஃப்ஐ பகுதியைத் திறந்து, 'உபுண்டு' கோப்புறையை மட்டும் நீக்குங்கள். 'மைக்ரோசாஃப்ட்', 'பூட்' இரண்டையும் தொட வேண்டாம். பூட் மெனுவில் உபுண்டு பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் 'பிசிடிஎடிட்' மூலம் அந்தப் பதிவை எடுத்துவிடலாம். பையனின் லேப்டாப்பில் அதையும் எடுத்துவிட்டு, இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்த பிறகுதான் கையில் கொடுத்தேன்.