ரோமில் மூன்று நாள், அப்பாவின் நடைக்கு ஏற்றபடி

போய் இறங்கிய மறுநாளே கொலோசியம், ஃபோரம் என்கிற பழைய ரோமின் பொதுச் சதுக்கம், பலடைன் குன்று, திரேவி நீரூற்று, ஸ்பானியப் படிகள் என்று ஐந்து இடங்களை அடுக்கி வைத்திருந்தேன். பலடைன் குன்றில் ஏறும்போது அப்பா ஒரு திண்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். "நின்னு பாக்கவே விடமாட்டேங்கிறியேம்மா, ஓட்டிக்கிட்டே இருக்கியே" என்றார். அவருக்கு 72 வயது, பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று ராத்திரி என் பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். முதல்முறை ரோமுக்குப் போகிறவர்களுக்கு அந்த இரண்டாவது பட்டியலைத்தான் தருகிறேன். அதில் ஒரே விதி: டிக்கெட் எடுத்து உள்ளே போகிற பெரிய இடம் ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

விசா வேலையை முதலில் முடியுங்கள். இத்தாலிக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது), பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி மாதம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது கொலோசியம் டிக்கெட். அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். ஒரு மாதம் முன்புதான் திறப்பார்கள், திறந்த அன்றே உட்கார்ந்துவிட வேண்டும். டிக்கெட்டில் பெயர் அச்சாகும், வாசலில் பாஸ்போர்ட் கேட்பார்கள். நான் இடைத்தரகர் ஒருவரிடம் வாங்கி, அப்பாவின் பெயரும் இனிஷியலும் இடம் மாறி வந்து, வாசலில் அரைமணி நேரம் விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றேன். பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே பெயரைப் போடுங்கள்.

அந்த டிக்கெட்டில் எனக்குப் பிந்தித் தெரிந்த வசதி ஒன்று உண்டு. 24 மணி நேர டிக்கெட்டிலேயே ஃபோரமும் பலடைனும் அடக்கம். அதனால் ஒரே நாளில் மூன்றையும் முடிக்க வேண்டியதில்லை. மதியத்துக்கு மேல் கொலோசியம், மறுநாள் காலை ஃபோரம் என்று பிரித்துவிடலாம். குளிர்காலத்தில் போனால் சாயங்காலம் நாலரைக்கே மூடிவிடுவார்கள், அதைக் கணக்கில் வையுங்கள்.

கிழமையும் முக்கியம். வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு விடுமுறை. மாதக் கடைசி ஞாயிறு மட்டும் திறந்து இலவசமாக விடுவார்கள், ஆனால் அன்று வரிசை மதிலைச் சுற்றி நிற்கும். புதன் காலை போப்பாண்டவர் மக்களைச் சந்திக்கிற நேரம், புனித பேதுரு பேராலயத்துக்குள் அப்போது போக முடியாது. ஆகவே வத்திக்கானுக்கு வியாழன் அல்லது வெள்ளி நல்லது. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். சுடிதாருக்குப் பிரச்சினையே இல்லை, அரைக்கால் சட்டைக்காரர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அருங்காட்சியகத்துக்கும் பேராலயத்துக்கும் வாசல் வேறு வேறு, மதிலை ஒட்டி கால்மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும்.

அருங்காட்சியகத்துக்குள்ளேயே இருக்கிற சிஸ்டைன் சிற்றாலயத்தில் பக்கச் சுவரை ஒட்டிப் பெஞ்சு இருக்கும். இடம் காலியானதும் உட்கார்ந்துவிடுங்கள். மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்த கூரையைக் கூட்டத்தின் நடுவே நின்றபடி அண்ணாந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும்.

பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். டிக்கெட் 5 யூரோதான், பெரும்பாலோர் இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். அப்பா ஒன்றரை மணி நேரம் இருந்தார். பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 125இல் முடிந்த கட்டடம். குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரை உயரமும் அதே அளவு. ஒரு முழுப் பந்தை உள்ளே வைத்தால் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் என்று அப்பா கையை விரித்துக் காட்டினார். கம்பியே போடாத கான்கிரீட்! அடியில் கனமான கல்லும் செங்கல்லும் கலந்திருக்கிறார்கள், மேலே போகப்போக எடை குறைந்த எரிமலை நுரைக்கல். சுவர் அடியில் ஆறு மீட்டர் தடிமன், மாடம் உச்சியில் மெலிந்துவிடுகிறது. மாடத்தின் உள்பக்கத்தில் பெட்டி பெட்டியாகக் குடைந்த குழிகளும் எடையைக் குறைக்கின்றன. உச்சியில் திறந்த வட்டம், மழை நேராக உள்ளே விழும். நாங்கள் போன அன்று தூறல். தரையின் நடுவில் சிறு துளைகள் வழியாகத் தண்ணீர் வடிவதைக் குனிந்து பார்த்துவிட்டு, "வடிகால் வாட்டம் எவ்வளவு சரியா குடுத்திருக்கான் பாரு" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு மரியாதையை நான் கேட்டதில்லை.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் சான் லூயிஜி தெய் ஃப்ரான்செசி தேவாலயம். ஓவியர் கரவாஜ்ஜோவின் புனித மத்தேயு ஓவியங்கள் மூன்று அங்கே இருக்கின்றன, கட்டணம் கிடையாது. மதியம் சாத்திவிடுவார்கள், காலையிலேயே போங்கள்.

தங்குவதற்கு மோன்ட்டி பகுதியைச் சொல்வேன். பக்கத்திலேயே கவூர் மெட்ரோ, கொலோசியம் அடுத்த நிறுத்தம். ஊர் வரி என்று ஒருவருக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என ஹோட்டலில் தனியாக வாங்குவார்கள். தெருவெல்லாம் கருங்கல் பாவியது, அடி தடித்த ஷூ இல்லாவிட்டால் பாதம் எரியும்.

சாப்பாடு சைவர்களுக்குக் கஷ்டமில்லை, கேட்டு வாங்கினால் போதும். கார்பொனாரா, அமாத்ரிச்சானா என்கிற பாஸ்தாக்களில் பன்றிக் கன்னத்து இறைச்சி இருக்கும். சுப்ளி என்கிற பொரித்த அரிசி உருண்டைக்குள்ளும் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு. காச்சோ எ பேப்பே என்கிற பாஸ்தாவில் பாலாடைக்கட்டியும் மிளகும்தான், ஆனால் அந்தப் பெக்கரீனோ கட்டியை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் வயிற்று நொதி. அது ஆகாது என்பவர்களுக்கு, பாலாடைக்கட்டி போடாத தக்காளிப் பீட்சா. கத்தரியால் வெட்டி எடை போட்டுத் தருகிற கடைகளில் "சென்ஸா கார்னே, சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ" (இறைச்சி இல்லாமல், பாலாடைக்கட்டி இல்லாமல்) என்று சொல்லிக் காட்டி வாங்குங்கள். உணவகங்கள் ராத்திரி ஏழரைக்குத்தான் திறக்கும். ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய அப்பாவுக்கு இந்தப் பீட்சாக் கடைதான் கைகொடுத்தது.

தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். நசோனி என்கிற இரும்புக் குழாய்கள் தெருவுக்குத் தெரு ஓடிக்கொண்டே இருக்கும், நல்ல குடிநீர். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளையிலிருந்து பீச்சும், குனியாமல் குடிக்கலாம்.

திரேவிக்குக் காலை ஆறரைக்குப் போங்கள், தண்ணீர்ச் சத்தம் தனியாகக் கேட்கும். 64ஆம் எண் பேருந்தில் ஏறினால் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், ஜேப்படிக்குப் பேர்போன வண்டி.

திரும்பும்போது தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில், 14 யூரோ, ஃபியூமிச்சினோ விமான நிலையத்துக்கு 32 நிமிடம். காகித டிக்கெட் என்றால் நடைமேடைக்கு முன்னால் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்திவிட்டு ஏறுங்கள். நிலையத்துக்குள் அந்த நடைமேடை வரை நடை கொஞ்சம் அதிகம், பெரியவர்களோடு போனால் அரைமணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள்.