பூனை எடை மெஷினில் ஏறினால்: ஏஐ கருவிகளில் சிரிக்க வைக்கும் விலங்கு வீடியோ செய்வது எப்படி

ஏஐ வீடியோ கருவியைத் திறந்ததும் பெரும்பாலானோர் முதலில் அடிப்பது "ஒரு பூனை வேடிக்கையாக நடனமாடுகிறது" என்கிற மாதிரி ஒரு வரி. கருவியும் ஒரு பூனையை ஆட வைத்துக் கொடுத்துவிடும், ஆனால் பார்த்தால் சிரிப்பு வராது. காரணம் எளிது. 'வேடிக்கை' என்ற சொல்லில் எந்த அசைவும் இல்லை. எந்தக் கால் எப்போது தூக்கப்படுகிறது, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு நேரம் அப்படியே நிற்கிறது என்று நாம் சொன்னால்தான் கருவிக்குப் பிடிமானம் கிடைக்கும். சிரிப்பை அசைவாக மாற்றி எழுதுவதுதான் இந்த வேலையில் முக்கால்வாசி.

அதனால் கருவியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் ஐடியாவை ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். நான் பிடித்துக்கொண்டிருக்கும் விதி ஒன்று உண்டு: மனிதர் செய்யும் காரியம் ஒன்றே ஒன்று இருக்கட்டும், மற்ற எல்லாவற்றிலும் விலங்கு விலங்காகவே இருக்கட்டும். பூனைக்குச் சட்டை, கண்ணாடி, தொப்பி எல்லாம் மாட்டி இரண்டு காலில் நடக்கவும் விட்டால் அது மாறுவேடப் போட்டி ஆகிவிடும், பூனை காணாமல் போய்விடும். ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். குண்டுப் பூனை ஒன்று எடை மெஷினில் ஏறுகிறது, கீழே முள்ளைப் பார்க்கிறது, கொஞ்சம் யோசித்து ஒரு முன்னங்காலை மட்டும் மெதுவாகத் தூக்கிக்கொண்டு மறுபடி முள்ளைப் பார்க்கிறது. அவ்வளவுதான் கதை. நம் எல்லோருக்கும் தெரிந்த அந்த நப்பாசையை நாலு கால் பிராணி ஒன்று முழு அக்கறையோடு செய்வதால்தான் சிரிப்பு வருகிறது.

இப்போது முதலில் வீடியோ வேண்டாம், ஒரு நிழற்படம் செய்யுங்கள். க்ளிங், ரன்வே, பிகா, ஹைலுவோ, கூகுளின் வியோ என்று இன்று பேசப்படும் கருவிகள் எல்லாவற்றிலும் படத்தைக் கொடுத்து அதை அசைய வைக்கும் வழி இருக்கிறது. எழுத்தை மட்டும் கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு பூனை வரும். படம் கொடுத்தால் உங்கள் பூனையே வரும். அதோடு ஒரு படம் செய்ய ஆகும் கிரெடிட் (ஒவ்வொரு வேலைக்கும் கருவி கழித்துக்கொள்ளும் புள்ளி) பொதுவாக வீடியோவுக்கு ஆவதைவிட மிகக் குறைவு, ஆகவே பத்துப் படம் செய்து ஒன்றைப் பொறுக்குவதில் நஷ்டமில்லை. பூனைக்கு அடையாளம் வைக்கும்போது எளிதானதாக வையுங்கள். ஆரஞ்சு நிறம், ஒரு காதில் மட்டும் வெள்ளைத் திட்டு, தொங்கும் வயிறு போதும். உடம்பெல்லாம் புள்ளியும் கோடுமாக இருந்தால் அசையும்போது அந்தக் கோடுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். படத்தை ஆரம்பத்திலேயே 9:16 அளவில், நின்ற வாக்கில் எடுங்கள். அகலமாக எடுத்துவிட்டுப் பிறகு வெட்டினால் வால் போகும், இல்லையென்றால் மெஷின் போகும்.

அப்புறம்தான் அசைவு. பல கருவிகள் ஒரு தடவைக்கு 5 முதல் 10 வினாடிதான் கொடுக்கும், வியோ 3 கொடுப்பது 8 வினாடி. அந்த நேரத்துக்குள் ஏறு, பார், யோசி, காலைத் தூக்கு, மறுபடி பார் என்று ஐந்து வேலை சொன்னால் கருவி எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்துவிடும். ஒரு கிளிப்புக்கு ஒரு செயல். காலைத் தூக்கும் கிளிப்புக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"கேமரா அசையாமல், பூனையின் கண் உயரத்தில் நிற்கிறது. ஆரஞ்சு நிறக் குண்டுப் பூனை நான்கு கால்களும் எடை மெஷினில் பதிய, குனிந்து கீழே பார்த்தபடி நிற்கிறது. இரண்டு வினாடி எந்த அசைவும் இல்லை. பிறகு வலது முன்னங்காலை மட்டும் மிக மெதுவாகத் தூக்கி மார்போடு வைத்துக்கொள்கிறது. மற்ற மூன்று கால்களும் நகரவில்லை. முகத்தில் மாற்றம் இல்லை, வாய் மூடியே இருக்கிறது."

கருவிகள் பொதுவாக ஆங்கிலத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் யோசனையைத் தமிழில் எழுதி முடித்துவிட்டு, பிறகு ஏதாவது ஒரு சாட்பாட்டிடம் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். ஆங்கிலத்திலேயே தொடங்கினால் எங்கோ பார்த்த சொற்களை அப்படியே போட்டுவிடுவோம், அசைவு கோட்டைவிடப்படும்.

அந்த ப்ராம்ப்டில், அதாவது கருவிக்கு எழுதிக் கொடுக்கும் குறிப்பில், 'முகத்தில் மாற்றம் இல்லை' என்ற வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சொல்லாவிட்டால் பல கருவிகள் பூனையைச் சிரிக்க வைக்கும், புருவம் உயர்த்த வைக்கும், மனிதப் பல் காட்ட வைக்கும். பார்ப்பவருக்குச் சிரிப்புக்குப் பதிலாக ஒரு கூச்சம் வரும். சுமார் நூறு வருடத்துக்கு முன்பு லெவ் குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் ஒரு நடிகரின் சலனமில்லாத முகத்தை எடுத்து, ஒரு இடத்தில் சூப் கிண்ணத்துக்குப் பக்கத்திலும் இன்னொரு இடத்தில் சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டிக் காட்டினார். முகம் ஒன்றேதான், பார்த்தவர்கள் ஒன்றில் பசியையும் மற்றதில் துக்கத்தையும் கண்டார்கள். பூனை முகத்துக்கு இது அப்படியே பொருந்தும். முள்ளைக் காட்டு, பூனையின் வெறும் முகத்தைக் காட்டு. கவலையைப் பார்ப்பவரே போட்டுக்கொள்வார்.

முள்ளைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது. எழுத்தும் எண்ணும் வீடியோ கருவிகளுக்கு இன்னும் சரியாக வசப்படவில்லை. டிஜிட்டல் மெஷின் வைத்தால் 8 என்று தொடங்கிய எண் நடுவில் உருகி வேறு ஏதோ கிறுக்கலாகும். அதனால்தான் பழைய மாதிரி முள் மெஷின். அதையும் பூனையோடு சேர்த்துக் காட்டாமல், முள்ளை மட்டும் தனி க்ளோஸ் அப்பாக வைத்து, எடிட்டிங்கில் முள்ளைத் தனி அடுக்காகப் போட்டு ஒரு மயிரிழை திருப்பிவிடுகிறேன்.

கிளிப் வந்ததும் முதலில் கால்களை எண்ணுங்கள். உண்மையாகவே சொல்கிறேன், ஃப்ரேம் ஃப்ரேமாக ஓட்டி எண்ணுங்கள். காலைத் தூக்கும் இடத்தில்தான் ஐந்தாவது கால் முளைக்கும், வால் திடீரென்று இன்னொரு வாலாகும். ஒரே வினாடியில் மட்டும் பிழை இருந்தால் கிளிப்பைத் தூக்கிப் போட வேண்டாம், அந்த இடத்தில் முள்ளின் க்ளோஸ் அப்பைச் செருகினால் மறைந்துவிடும். அடுத்த கிளிப்பைத் தொடங்கும்போது முந்தைய கிளிப்பின் கடைசி ஃப்ரேமை எடுத்துக் கொடுக்கலாம்தான், ஆனால் அப்படி மூன்று நான்கு தடவை தொடர்ந்தால் நிறம் ஏறிப்போய், ரோமம் மெழுகு மாதிரி ஆகிவிடும். முதலில் செய்த நிழற்படத்துக்கே திரும்பிப் போவது நல்லது. சோதனை எல்லாவற்றையும் குறைந்த தரத்தில் அல்லது வேக மோடில் ஓட்டிவிட்டு, அசைவு சரியான பிறகு மட்டும் முழுத் தரத்துக்குப் போங்கள். கிரெடிட் மிச்சமாகும்.

எடிட்டிங்குக்கு கேப்கட் போன்ற ஆப் போதும். மொத்தம் 12 வினாடிக்குள் முடியுங்கள். பூனை ஏறுவதற்கு இரண்டு வினாடி தாராளம். காலைத் தூக்குவதற்கு முந்தைய அந்த மௌனத்தை மட்டும் வெட்டாதீர்கள். ஒரு வினாடி குறைத்துப் பாருங்கள், சிரிப்பு அப்படியே அணைந்துபோவது தெரியும். சத்தம் விஷயத்தில் வியோ 3 படத்தோடு சேர்த்தே ஒலியும் தரும். ஆனால் நிரம்பி வழியும் கார்ட்டூன் இசையைவிட, அமைதியான அறையில் மெஷின் 'க்ளிக்' என்று ஒரு தடவை சொல்வது எவ்வளவோ மேல். பலர் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பதால் ஒலியில்லாமலும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். எழுத்து போடுவதாக இருந்தால் திரையின் அடிப்பகுதியையும் வலது ஓரத்தையும் விட்டுவிடுங்கள், அங்கே ரீல்ஸ், ஷார்ட்ஸ் இரண்டிலும் பொத்தான்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பதிவேற்றும்போது ஏஐ என்று சொல்லுங்கள். நிஜம் போலத் தெரியும் வீடியோவுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்ற விதியை யூடியூப் 2024 மார்ச்சில் கொண்டுவந்தது, டிக்டாக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அதற்கான லேபிள் இருக்கிறது. கார்ட்டூன் பாணிக்கு யூடியூப் கட்டாயப்படுத்துவதில்லை, இருந்தாலும் நான் போட்டுவிடுவேன். 2025 ஜூலையில் டிராம்போலினில் முயல்கள் குதிக்கும் வீடியோ ஒன்று வீட்டுப் பாதுகாப்புக் கேமரா காட்சி மாதிரி வந்து டிக்டாக்கில் பரவியது. இரவு நேர மங்கல் படம் குறைகளை மறைத்துவிட்டதால் பலரும் நிஜமென்றே நம்பினார்கள், நடுவில் ஒரு முயல் மறைந்தே போனதைக் கவனிக்கவில்லை. அதாவது ஒரு பிராணியின் மேல் இருக்கும் பிரியத்தால் மனிதர்கள் எளிதில் நம்பிவிடுகிறார்கள். அந்தப் பிரியத்தை ஏய்க்கக் கூடாது. அதே காரணத்தால் பிராணி விழுந்து அடிபடுவது, யாரோ காப்பாற்றுவது போன்ற போலிக் காட்சிகளைச் செய்யாதீர்கள், பார்வை எத்தனை வந்தாலும் சரி.

ஒரு வீடியோ எடுபட்டால் புதுப் பிராணியைத் தேடி ஓட வேண்டாம். அதே நிழற்படத்தை, அதே வெள்ளைத் திட்டுக் காதோடு, தனி ஃபோல்டரில் ப்ராம்ப்டையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த வாரம் அந்தக் குண்டுப் பூனை அலாரம் கடிகாரத்தின் முன்னால் உட்காரட்டும்.