வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகள்

"இந்த ஷிப்மென்ட் போகட்டும், அப்புறம் உட்கார்ந்து எழுதலாம்." திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்த நான்கு வருடமும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு ஷிப்மென்ட் போனால் அடுத்தது வந்து நிற்கும். காலை எட்டரைக்குப் போய் ராத்திரி எட்டரைக்கு வெளியே வருகிற ஒன்றரை ஷிப்ட் ஆளுக்குச் சாப்பிட்டதும் கண் சொக்கும். ஞாயிற்றுக்கிழமையைச் சந்தையும் கல்யாணமும் துணி துவைப்பதும் தின்றுவிடும். ஓய்வுக்குக் காத்திருக்காமல் விடியற்காலையில் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். அரைப் பக்கம் வந்தாலும் சரி.

இதைவிடப் பெரிய தவறு, பார்க்கிற வேலை கதைக்கு ஆகாது என்று நினைப்பது. நான் பார்த்தேயிராத கடற்கரையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே ஓவர்லாக் மிஷின் இரைச்சலில் கையாலேயே பேசிக்கொள்ளும் பெண்கள் இருந்தார்கள். பிசிர் வெட்டி வெட்டிக் கட்டைவிரல் காய்த்துப்போன ஓர் அக்கா இருந்தார். சனிக்கிழமைச் சம்பளக் கவரை கம்பெனிக்குள் பிரிக்கவே மாட்டார். பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் எண்ணுவார். அவரை எழுதிய அன்றைக்குத்தான் என் எழுத்தை நானே நம்பினேன்.

அந்த அக்காவைப் புத்தகத் தமிழில் பேசவைத்துவிடாதீர்கள். "இல்லீங் சார், நாளைக்கு வர்றனுங்" என்றால் அப்படியே எழுதுங்கள். ஆர். சண்முகசுந்தரம் 1942இலேயே 'நாகம்மாள்' நாவலில் கொங்குப் பேச்சை எழுதிக் காட்டிவிட்டார். ஆனால் ஆளின் பெயரையும் அடையாளத்தையும் மாற்றிவிடுங்கள். திங்கட்கிழமை அவர் அதே டேபிளுக்கு வர வேண்டும்.

ஆர்வத்தில் வேலையை விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ராயல்டி பெரும்பாலும் விலையில் 10 சதவீதம்தான். 200 ரூபாய்ப் புத்தகம் 500 பிரதி விற்றால் 10,000 ரூபாய். வீட்டு வாடகைக்கு எத்தனை மாதம் வரும்? சுப்ரபாரதிமணியன் தொலைபேசித் துறையில் வேலை பார்த்துக்கொண்டேதான் திருப்பூரின் சாயக்கழிவை நாவலாக்கினார். கோவையில் வாழும் நாஞ்சில் நாடனுக்கு விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்ததும் எழுத்துக்கு உரமானது.

குறிப்பெடுக்க நல்ல நோட்டு வாங்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். என் முதல் கதையின் பாதி, வீணாய்ப்போன டெலிவரி சீட்டுகளின் பின்பக்கத்தில், டீ டைமின் பத்து நிமிடங்களில் எழுதியது.